திமிங்கலத்துக்கு வந்தவர்கள்

ஜன்னல் திரை விற்கிற திரைக்கடைக்காரருக்குத் திமிங்கலத்தின் மேல் எந்தக் காலத்திலும் ஆசை இருந்ததில்லை. கடலின் மேலும் இருந்ததில்லை. ஆனாலும் கடை விடுமுறை நாளில், விடிந்ததும் விடியாததுமாக, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அதன் கழுத்துப்பட்டை தாடைக்கு முட்டுக் கொடுக்க, சுற்றுலாப் படகின் பெஞ்சில் கட்டிவைத்த பொதி மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. மனைவிக்குப் பக்கத்தில் மகள். எதிர்ப் பெஞ்சில், தற்செயலாக வந்து சேர்ந்தது போல, நாற்காலிக்கடைக்காரரும் அவருடைய மகனும்.

இந்தத் தற்செயலுக்காக நாயாய் அலைந்தவன் திரைக்கடைக்காரரின் மச்சான். பெண்ணுக்கும் பையனுக்கும் முடிச்சுப் போட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரே துடிப்பு. இரண்டும் வியாபாரக் குடும்பம், ஒரு வீட்டுக்கு ஜன்னல் பக்கம் இவர்கள், உட்காரும் பக்கம் அவர்கள், பொருத்தம் என்றால் இதுதான் பொருத்தம் என்று இரண்டு வீட்டிலும் போய் ஓதினான். சிக்கல் பொருத்தத்தில் இல்லை. யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்பதில் இருந்தது. பெண்ணைப் பார்க்க அவர்கள் வந்தால் அவர்களுக்கு அவசரம் என்று அர்த்தம். வாருங்கள் என்று இவர்கள் அழைத்தால் இவர்களுக்கு அவசரம். அவசரத்தைக் காட்டியவன் பேரத்தில் பாதி தோற்றவன் என்பது இரண்டு வீட்டிலும் குழந்தைக்குக்கூடத் தெரியும். உணவகத்தில் சந்திக்கலாம் என்றால் பில்லை யார் எடுப்பது என்று நின்றது. பூங்கா என்றால், யார் முன்னால் வந்து யாருக்காகக் காத்திருப்பது?

கடைசியில் மச்சானுக்குத்தான் இந்த யோசனை உதித்தது. திமிங்கலம் பார்க்கப் போகிற படகு. அவரவர் டிக்கெட்டை அவரவர் வாங்கலாம். படகு அதன் நேரத்துக்குக் கிளம்பும், யாரும் யாருக்காகவும் காத்திருந்ததாக ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே, பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்து போக வழியே கிடையாது. இவ்வளவையும் யோசித்த மச்சான், தனக்குத் தண்ணீர் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டான்.

படகு ஏறும்போது இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்து நன்றாகவே ஆச்சரியப்பட்டார்கள். "அடடே, நீங்களும் திமிங்கலத்துக்கா?" என்றார் நாற்காலிக்கடைக்காரர். ஆமாம், சின்ன வயதிலிருந்தே திமிங்கலம் என்றால் உயிர் என்றார் திரைக்கடைக்காரர். பக்கத்தில் நின்ற வழிகாட்டிப் பெண் அதை நம்பிவிட்டாள். இப்படிப்பட்ட ஆர்வலர்கள் வருவது அபூர்வம் என்று பூரித்துப்போய், நன்றாகத் தெரிகிற பெஞ்சுகளாகப் பார்த்து இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்தாள்.

திரைக்கடைக்காரர் மனதில் இருந்தது வேறு. அது மச்சானுக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இந்தச் சம்பந்தம் கூடிவரக் கூடாது. அவ்வளவுதான்.

பையன் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. எந்தப் பையனாக இருந்தாலும் இதே கதைதான். முப்பதை நெருங்கிவிட்ட மகளை வீட்டிலேயே வைத்திருக்க நியாயம் எதுவும் கிடைக்காததால், கடை கெட்டுவிடும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தார். காரணம் பொய்யுமில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போகிறவள் அவள்தான். போனதும் ஜன்னலை அளக்க மாட்டாள். காலையில் எந்த நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிப்பீர்கள் என்று கேட்பாள். அங்கே தானும் உட்கார்ந்து வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்ப்பாள். நீலமா பச்சையா என்று புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கு நின்றால் யார் பக்கமும் பேசாமல் சாம்பல் நிறத்தை எடுத்து மடியில் விரிப்பாள். இரண்டு பேரும் அதைத்தான் தாங்கள் முதலிலேயே சொன்னதாக நினைத்துக்கொள்வார்கள். திரைக்கடைக்காரரின் வேலை, கல்லாவில் உட்கார்ந்து "வாங்க வாங்க" என்பது.

ஆனால் அதுவும் முழுக் காரணம் இல்லை. ராத்திரி கடை சாத்தும்போது ஷட்டரை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்துவிட்டு, அப்பாவும் மகளும் வீடு வரைக்கும் நடந்தே போவார்கள். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டிக்கொண்டு போவாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிப்பாள். அந்த நடைதான் காரணம். இதைச் சம்பந்தப் பேச்சில் எந்த இடத்தில் வைத்துச் சொல்வது?

ஆகவே மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லியே கதையை முடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார். சண்டை வேண்டாம். நாலு குறை, நாசூக்காக. ரோஷமுள்ள அப்பனாக இருந்தால் கரை சேர்வதற்குள் விலகிக்கொள்வான்.

படகு துறைமுகத்தின் சுவரைத் தாண்டியதும் மனைவிக்கு வயிற்றைப் புரட்டியது. காகிதப் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வழிகாட்டிப் பெண் மைக்கைத் தட்டிவிட்டு விளக்க ஆரம்பித்தாள். படகின் மூக்கைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி என்றால் வலது பக்கம், ஒன்பது என்றால் இடது. நான் மணியைச் சொன்னதும் அந்தப் பக்கம் பாருங்கள் என்றாள். நாற்காலிக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். மூன்று மணிக்குத்தான் வருமா, தனக்கு மத்தியானம் குடோனில் சரக்கு இறங்குகிறதே என்று கவலைப்பட்டார். அவர் மகன் குனிந்து காதில் விளக்கினான். விளக்கிய பிறகும் அவர் கடிகாரத்தை நம்பாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

திமிங்கலத்தைக் காணோம். வழிகாட்டிப் பெண் அசரவில்லை. இங்கேதான் இருக்கிறது, கீழே போயிருக்கிறது, மூச்சு வாங்க மேலே வந்துதானே ஆக வேண்டும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே வேறு வார்த்தையில் சொன்னாள். சரக்கைக் கண்ணிலேயே காட்டாமல், காசையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, வந்தவனை எழுந்து போகவும் விடாமல் நடத்துகிற இந்த வியாபாரத்தைத் திரைக்கடைக்காரர் உள்ளூர வியந்தார். அதற்குப் பிறகு தன் வேலையைத் தொடங்கினார்.

முதலில் சட்டை. முன்னால் சாய்ந்து, பையனின் கைப்பட்டையை இரண்டு விரலால் உரசிப் பார்த்து, "ரெண்டு தண்ணி தாங்காது போலிருக்கே" என்றார். பையன் சிரித்துக்கொண்டே கையைப் பார்த்துக்கொண்டான். அவன் அப்பா முகத்தில் கோபம் வருகிறதா என்று திரைக்கடைக்காரர் நோட்டம் விட்டார். வரவில்லை. மாறாக, ஒரு மாதிரி தெளிவு வந்தது.

"உயரம் கொஞ்சம் மட்டோ?"

"உட்கார்ந்திருக்கான், முதலாளி."

"நின்னப்பவும் பார்த்தேனே."

நாற்காலிக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து இஞ்சி மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். திரைக்கடைக்காரருக்கு இது புதிராக இருந்தது. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, நெற்றி இப்போதே மேலே ஏறத் தொடங்கிவிட்டதே, நாற்பதில் தலை என்ன ஆகும் என்று கேட்டார். பேசும்போது பையன் கையை இந்த ஆட்டு ஆட்டுகிறாரே, கடையில் கண்ணாடி மேஜை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று விசாரித்தார். ஒவ்வொரு குறைக்கும் நாற்காலிக்கடைக்காரர் இன்னும் கொஞ்சம் மலர்ந்தார். பையனையும் பெண்ணையும் போய்ப் படகின் முன்பக்கம் நின்று பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, எதிர்ப் பெஞ்சிலிருந்து எழுந்து இந்தப் பெஞ்சுக்கே வந்து, முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

மனைவி காகிதப் பையிலிருந்து முகத்தை எடுத்தாள். நிறம் செத்துப்போயிருந்தது, நாக்கு மட்டும் நன்றாக இருந்தது. "என்னங்க, ஊரில இருக்கிற ஜன்னலுக்கெல்லாம் திரை போடுறீங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "உங்க மனசுக்கு மட்டும் ஒரு முழம் துணி கிடைக்கல. உள்ள இருக்கிறது அத்தனையும் தெரியுது."

சொல்லிவிட்டு மறுபடியும் பைக்குள் போய்விட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எடுத்த காரியத்தை விடுவதா? நாற்காலிக்கடைக்காரர் பக்கம் திரும்பி, பையனின் நடையைப் பற்றி ஆரம்பித்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார் அந்த மனிதர்.

"சொல்லுங்க முதலாளி, இன்னும் சொல்லுங்க. உங்க கிட்ட இருந்து ஒரு வார்த்தை வராதோன்னு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. எங்க கடையில 'ஆகா, பிரமாதம்'னு சோபாவைத் தடவிப் பார்க்கிறவன் ஒருத்தனும் வாங்கினதில்ல. வீட்ல கேட்டுட்டு வர்றேன்னு போயிடுவான். காலை ஆட்டிப் பார்த்து, இங்க இளகுது, அங்க கீறல் இருக்குன்னு மூஞ்சியைச் சுளிக்கிறான் பாருங்க, அவன்தான் சாயந்திரம் வண்டியோட வருவான்."

திரைக்கடைக்காரருக்கு வாயில் இருந்த மிட்டாய் அப்படியே நின்றுவிட்டது. இது தனக்குத் தெரியாததா? கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து இதைப் பார்த்துத்தானே ஆளை எடை போட்டுக்கொண்டிருக்கிறார். துணியில் குறை கண்டுபிடிக்கிறவனுக்குத்தானே நாற்காலி போடச் சொல்வார். ஒரு வியாபாரியிடம் போய் அவன் சரக்கில் இத்தனை குறை சொன்னால், பந்தக்கால் நட நாள் பார் என்று சொன்னதாகத்தானே அர்த்தம்? இத்தனை நேரமும் தன் கையாலேயே மகளைத் தள்ளிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் விட்டிருக்கிறார்.

சுதாரித்துக்கொண்டார். புத்தி உடனே மறு பக்கம் திரும்பியது.

"நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேங்க," என்றார். "உங்க பையன்ல குறை சொல்ல என்ன இருக்கு? தங்கமான பையன்."

நாற்காலிக்கடைக்காரரின் கை தளர்ந்தது. "இப்பதானே உயரம்னீங்க?"

"உயரமா? அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கார். என்ன பணிவு, என்ன களை. யாரு கட்டிக்கிட்டாலும் அவ கொடுத்து வச்சவ."

யாரு கட்டிக்கிட்டாலும். அந்த வார்த்தையின் விலை இரண்டு பேருக்குமே தெரியும். நாற்காலிக்கடைக்காரரின் முகம், வெயிலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி வெளிறிக்கொண்டே போனது. திரைக்கடைக்காரர் விடவில்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பெற உங்கள் குடும்பம் என்ன புண்ணியம் செய்ததோ என்றார். ஊரில் எத்தனை பேர் போட்டி போடுகிறார்களோ என்றார். நல்ல இடமாகத் தானும் விசாரித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். நாற்காலிக்கடைக்காரர் மிட்டாய்ப் பொட்டலத்தை மடித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, தள்ளாடித் தள்ளாடிப் படகின் பின்பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

தீர்ந்தது. விற்காமல் அடித்தட்டில் கிடந்த பழைய துணி ரோலைத் தள்ளிவிட்டவன் மாதிரி திரைக்கடைக்காரர் காலை நீட்டி உட்கார்ந்தார். காற்றுகூட இப்போது நன்றாக இருந்தது.

"பத்து மணி," என்றாள் வழிகாட்டிப் பெண். குரலை உயர்த்தக்கூட இல்லை. "எல்லாரும் பத்து மணி பாருங்க. ஓடாதீங்க."

எல்லோரும் ஓடினார்கள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடைத்து வைத்த குக்கரைத் திறந்தது போல 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். தண்ணீரிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு வெள்ளைப் புகை எழுந்து காற்றில் கரைந்தது. கூடவே அழுகிய மீன் நாற்றம். அதன் அடியில், மழையில் நனைந்த தார்ச்சாலை ஒன்று கடலுக்குள்ளிருந்து மெல்ல எழுந்து, முடிவே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. படகோட்டி எஞ்சினை அடக்கிவிட்டார். மனைவி காகிதப் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். வயிறு என்று ஒன்று தனக்கு இருப்பதையே மறந்துவிட்டாள். பின்பக்கம் நின்ற நாற்காலிக்கடைக்காரர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார். சாலை குனிந்தது. வால் மட்டும் தண்ணீர் வடிய வடிய மேலே எழுந்து, விரித்த இரண்டு கை போல ஒரு நொடி நின்று, சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அது போன இடத்தில் அலையே இல்லாமல், எண்ணெய் ஊற்றியது போல ஒரு வட்டம் மட்டும் மிதந்தது. அதுதான் திமிங்கலம் விட்டுவிட்டுப் போகிற காலடி என்றாள் வழிகாட்டிப் பெண். காலே இல்லாததற்குக் காலடியா என்று யாரும் கேட்கவில்லை.

திரைக்கடைக்காரர் இதில் பாதியைத்தான் பார்த்தார். வால் எழுந்த நேரத்தில் அவர் கண் முன்பக்கக் கம்பியில் இருந்தது. அங்கே மகளும் அந்தப் பையனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். படகே மூச்சடைத்து நின்ற அமைதியில் அவர்கள் பேசியது தெளிவாகக் கேட்டது.

"வால்ல ஒரு துண்டு காணோம்," என்றாள் மகள்.

"பழைய ஸ்டாக்கா இருக்கும்," என்றான் அவன்.

"முதுகு பூரா கறை வேற."

"வண்டியில ஏத்தி இறக்குறப்போ உரசியிருக்கும். தள்ளுபடி கேட்டுப் பாருங்க."

அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பயணிகள் முகம் சுளித்துத் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் போகிறவர்களைத் திரும்ப வைக்கிற அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு தன் கடைச் சரக்கு, வேறு எங்கேயும் கிடைக்காது என்றுதான் அவர் இத்தனை நாளும் இருந்தார்.

படகு திரும்பியதும் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உப்பில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். அவளாகவே ஆரம்பித்தாள்.

"அப்பா, அவருக்கு இடது காது கொஞ்சம் பெரிசு. பார்த்தீங்களா?"

"இல்லையே."

"பெரிசுதான். ஷூ லேஸ் ஒரு கால்ல மட்டும் ரெட்டை முடிச்சு. இன்னொரு காலுக்கு என்ன பாவம்னு தெரியல. பேசிக்கிட்டே இருக்கிறப்போ பாதியில நிறுத்திடுறார், நான் ஏதாவது சொல்லப் போறேனான்னு. தண்ணி பாட்டிலை மூடியைத் திறந்துதான் கொடுக்கிறார். ஏன், எனக்குக் கை இல்லையா? திமிங்கலம் வந்தப்போ அதைப் பார்க்காம, நான் பார்க்கிறேனான்னு பார்த்துட்டு இருந்தார். டிக்கெட் காசு தண்டம்."

ஒவ்வொன்றாக, நிறுத்தி நிதானமாக, துணியின் கரையை வெளிச்சத்தில் பிடித்து இழை இழையாகப் பார்ப்பதைப் போலச் சொல்லிக்கொண்டு போனாள். திரைக்கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிடிக்காத துணியை அவள் வாய் திறக்காமல் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுவாள். இதற்கு முன்னால் பார்த்த மாப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "நல்லவர்தாம்ப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கிறாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகர்ந்ததே இல்லை.

அப்படியா, இவ்வளவு குறை இருக்கா, அப்ப வேண்டாம், விட்டுடலாம் என்று சொல்லிவிட முடியும். அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டவர் மாதிரி நடிக்க முடியும். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாக்கில் இருப்பதைப் படித்துவிட்டவள் போலத்தான் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுங்கப்பா," என்றாள். "உங்க இஷ்டம்தான்."

சாம்பல் நிறத்தை மடியில் விரித்துவிட்டு வாடிக்கையாளர்களிடம் அவள் சொல்கிற அதே குரல்.

அவர் மிதவைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துப் பிடித்து, படகின் பின்பக்கம் போனார். நாற்காலிக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. காலையிலிருந்து ஆகாத ஒரு வியாபாரத்துக்காகப் படகில் குலுங்கிய கசப்பு அவர் முதுகிலேயே தெரிந்தது.

"காது," என்றார் திரைக்கடைக்காரர்.

"என்ன காது?"

"உங்க பையனுக்கு இடது காது பெரிசு. இதை மறைச்சுட்டீங்களே."

முதுகு அசைந்தது. நாற்காலிக்கடைக்காரர் மெதுவாகத் திரும்பினார். கண்ணில் சந்தேகம் இருந்தது. தங்கமான பையன் என்றாரே இந்த மனிதர்? திரைக்கடைக்காரர் நிறுத்தவில்லை. ஷூ லேஸ்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாத பையனுக்கு எந்த நம்பிக்கையில் பெண் கொடுப்பது என்றார். பேச்சைப் பாதியில் விடுகிறவன் வியாபாரத்தில் என்ன கிழிப்பான் என்றார். குறைக்குக் குறை குரலை உயர்த்தினார். எதிரில் இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றது. கடைசியில் அதில் பழைய பேரக் களை வந்து உட்கார்ந்தது.

"போதும் முதலாளி, உங்க பொண்ணு மட்டும் என்னவாம்?" என்று நாற்காலிக்கடைக்காரர் தன் முறையை ஆரம்பித்தார். "காலையில இருந்து பார்க்கிறேன், பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு மூஞ்சியில ஒரு எழுத்து படிக்க முடியல. சிரிச்சா படகே திரும்பிப் பார்க்குது. எங்க வீட்டுக்கு ஒத்து வருமா?"

அவரும் வாங்குகிறார். இனித் திரைக்கடைக்காரர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விற்கிறவன் தன் சரக்கைத் தூக்கிப் பேச வேண்டும். ஆயிரம் தடவை செய்த காரியம். வாயைத் திறந்தார். பழகிய வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

"அவ இல்லாம என்னால முடியாதுங்க," என்றார். குரல் கோணிக்கொண்டு போனது. மிதவைச் சட்டையின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடையைச் சொல்லல. சாயந்திரமானா... அவ இல்லன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல."

நாற்காலிக்கடைக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு, படகோட்டி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"இந்தக் கண்ணீர் விட்டு விலையேத்துற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம், முதலாளி. நானும் கடை வச்சிருக்கிறவன்தான்."

திரைக்கடைக்காரர் இன்னொரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தும் வைத்தார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களே, சம்பந்தி," என்றார்.